பகலில் இருட்டு உண்டா

கதவு திறந்ததும் ராஜையன்
ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார்.
"காத்தும் வெளிச்சமும் பாத்துக்கிடுங்க.
ஆரல்வாய்மொழிக் காத்து
நேரா இந்த முறியிலதான் வந்து இறங்கும்."
நான் கேட்டேன்:
பகல் பன்னிரண்டு மணிக்கு
இந்த அறையை இருட்டாக்க முடியுமா?

அவர் பார்த்த பார்வையில்
நாலு லட்சம் ஒத்திக்கு
நான் ஆள்தானா என்று ஒரு சந்தேகம்.

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில்
இரவு வார்டு எனக்கு.
ஊர் பல் தேய்க்கும்போது
செருப்பைக் கழற்றுகிறவள்.
வெளிச்சத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

சம்பளச் சீட்டின் பின்பக்கம்
கேள்விகள் எழுதி வந்திருந்தேன்.
குழாயைத் திறந்தேன்.
ஒரு இருமல், பிறகு துரு, பிறகு தண்ணீர்.
மாநகராட்சித் தண்ணீர் வருமா?
"வரும்."
எத்தனை நாளுக்கு ஒருமுறை?
"வரும்போது நல்லா வரும்."
கிணற்று மோட்டாரின் கரண்ட்
யார் மீட்டரில் ஓடுகிறது?
ராஜையன் வேட்டியை மடித்துக் கட்டினார்.
அதையே பதிலாக எழுதிக்கொண்டேன்.

அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன்.
கட்டைப் பிரிக்கும் முன்பே
சீழ் பிடித்ததைச் சொல்லிவிடும் மூக்கு இது.
புதுப் பெயிண்டுக்குக் கீழே
போன ஐப்பசி
இன்னும் ஈரமாகக் கிடந்தது.
இரண்டு மழை பெய்கிற ஊரில்
இரண்டு தடவை கேட்க வேண்டும்:
ஆனிச் சாரல் எந்தச் சுவரில்?
ஐப்பசி அடைமழை எந்தச் சுவரில்?

வீட்டுக்காரர் எங்கே?
"தோபியாஸ் குவைத்தில.
உங்களுக்க வீட்டுக்காரரு?"
எனக்கு அப்படி ஒருவர் இல்லை,
வீடும் இல்லை,
வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்கிறேன்.
அதன் பிறகு கொஞ்ச நேரம்
கிணற்றுத் தவளைகூடப் பேசவில்லை.

முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள்?
"சொந்த வீடு கெட்டிட்டாங்க."
எல்லா வீட்டிலும் முன்பு இருந்தவர்கள்
சொந்த வீடு கட்டித்தான் போகிறார்கள்.
அத்தனையும் உண்மையானால்
பார்வதிபுரத்திலிருந்து சுங்கான்கடை வரை
ஒரு வாழை நடக்கூட இடமிருக்காது.

அடுக்களைக் கதவின் பின்னால்
பென்சிலில் பால் கணக்கு.
மார்ச் பதினொன்றில் நின்றிருந்தது.
புது வீட்டுக்குப் போகிறவர்கள்
மாதக் கடைசி வரையாவது பால் குடிப்பார்கள்.

கடைசிக் கேள்வியை வாயால் கேட்க முடியாது.
ஜன்னல்களைச் சாத்தினேன்,
துப்பட்டாவை விரித்துத் தரையில் படுத்தேன்.
"எக்கா, என்ன செய்யுதிய?" என்று
ராஜையன் வாசலுக்கு ஓடினார்.

தெருவில் ஒரு மீன் ஹாரன்.
எங்கோ மிக்சி.
ஒரு பஸ் வடசேரி வடசேரி என்று
தேய்ந்துகொண்டே போனது.
அப்புறம் எதுவும் இல்லை.

எழுந்தபோது மணி மூன்று.
படிக்கட்டில் ராஜையன்
வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார்.
அவர் மடியில் போன்
குவைத்துக்காக ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது.
தேறிவிட்டது வீடு என்றுதான் இறங்கினேன்.

கீழ்வீட்டு வாசலில்
சாளை அரிந்துகொண்டிருந்த அக்கா
செதிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"வெள்ளத்தப் பத்திக் கேட்ட, சுவரப் பத்திக் கேட்ட.
ரூவா திரும்புமான்னு கேட்டியா பிள்ளே?
முன்ன இருந்தவளுக்கு
பாதி இப்பமும் வரல்ல."

சம்பளச் சீட்டில் இடமே இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
ஊசி போடும் நேரத்தைக் குறிப்பதுபோல.

நாலு லட்சம் தராமல்
நாற்பது நிமிடம் உறங்கிய வீட்டை
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
அடுத்தது எங்கே? என்றேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு
பைக்கை உதைத்தார் ராஜையன்.
"வெட்டூர்ணிமடத்துல ஒண்ணு கெடக்கு.
நல்ல காத்து, வெளிச்ச..."
நிறுத்தினார்.
"நல்ல இருட்டு" என்றார்.