மேல்விலங்கு

அறுநூறு ரூபாய் என்றான் ரியாஸ்.
திருப்பூர், ஊத்துக்குளி ரோடு,
பனியனுக்கு லேபிள் அடிக்கும் மாடியில்
அவனுக்கென்று ஒரு மூலை, ஒரு கம்ப்யூட்டர்.
"ரெண்டு கரெக்ஷன் சும்மாங்க்கா.
மூணாவதுல இருந்து அம்பது."

மறுநாள் வாட்ஸப்பில் வந்தது பத்திரிகை.
இரண்டு மயில், இரண்டு வாழைமரம், நடுவில் பிள்ளையார்.
பிள்ளையாருக்குக் கீழே
'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு'.

எந்தப் பெரியோர்?
நாலரை மணி டீக்கு, டிஸ்பேட்ச் வாசலில்
குட்டியானையை ஓரங்கட்டிவிட்டு
"ஏனுங்க, ஞாயித்துக்கெழம லீவுங்களா"
என்று தண்டபாணி கேட்டபோது
கூட நின்றவை
ஜெர்மனிக்குப் போகிற நாற்பத்தெட்டு அட்டைப்பெட்டிகள்.

வலது மூலையில், எறும்பு அளவில்,
கோகிலவாணி என்று ஒரு பேர்.
யாரப்பா இது?
"போன முகூர்த்தத்துப் பொண்ணுங்க்கா.
பேரு மாத்தையில விட்டுப்போச்சு."

நான் செக்கிங் டேபிள்காரி.
பன்னிரண்டு வருஷமாக
ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கை.
அடுத்தவள் பேர் போட்ட பீஸை
ஓகே பண்ணுவேனா?
வேண்டாம் தம்பி, நானே பண்ணிக்கிறேன் என்றேன்.

மூன்று ராத்திரி, செல்போனில்.
கொம்பு தனியே ஓடியது, எழுத்து தனியே நின்றது.
'ஸ்ரீ' கட்டம் கட்டமாக உடைந்தது.
மயில்களைத் துரத்தினேன். பெரியோர்களை எடுத்தேன்.
'மறுமணம்' என்று அடித்தேன்,
அழித்தேன்,
'திருமணம்' என்று அடித்தேன்.
இடம் சிவன்மலை. ஆறிலிருந்து ஏழரைக்குள்.
'தங்கள் வரவை விரும்பும்' கீழே
ஒரே பேர்: தர்ஷனா, மூன்றாம் வகுப்பு.
கடைசி வரி,
'மொய் வேண்டாங்க, சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்.'

பதினோரு தடவை படித்தேன்.
ஒரு தடவை தலைகீழாக,
துணியின் உள்பக்கம் பார்க்கிற மாதிரி.
அனுப்பர்பாளையம் ஜெராக்ஸ் கடையில்
நூற்றைம்பது கலர் பிரிண்ட்.
ஆயிரத்து நூறு ஆனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பத்திரிகை தண்டபாணிக்கு.
ஸ்டியரிங் மேல் வைத்துப் படித்தார்.
மடித்தார். திரும்பவும் விரித்தார்.
கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.
"உங்கொப்பா பேரு கிட்டுசாமிங்கதானுங்க?"

க. நாகேஸ்வரி
என்று இருந்தது.

கருணாகரனின் க.
ரேஷன் கார்டில், பி.எஃப். சீட்டில், பேங்க் புத்தகத்தில்,
விவாகரத்துத் தீர்ப்பில்கூட அந்த க.
விரல் தானாக அடித்திருக்கிறது.
கண் தானாகத் தாண்டியிருக்கிறது,
பதினோரு தடவை.
மனசுக்குள் கோகிலவாணியிடம்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்ப அடிக்கக் காசில்லை.
"ஒரு கோடுதானுங்க,
பேனா இருந்தாப் போதும்" என்றார் அவர்.
"அது கோடில்லீங்க" என்றாள் தர்ஷனா.
"அதுக்குப் பேரு மேல்விலங்கு.
க மேல மாட்டுனா கி. டீச்சர் சொன்னாங்க."

விலங்கா?

எனக்கு வந்த சிரிப்பில் பேனா மூடி உருண்டு
கட்டிலுக்கடியில் போனது.
தண்டபாணி என்னையும் பிள்ளையையும்
மாறி மாறிப் பார்த்தார்.
அப்புறம் குனிந்து மூடியைத் தேடினார்.

சோறு ஆறும்வரை மூன்று பேரும் மாட்டினோம்.
அவர் போட்டது சாய்ந்திருக்கும்,
லோடு ஏற்றிய வண்டி மாதிரி.
அவள் போட்டது அடுத்த வரியில் இடிக்கும்.
என்னுடையதில்
மை வேறு நிறம் என்று தெரியும்,
உற்றுப் பார்த்தால்.
பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் திருத்தவில்லை.
அந்த க-வுக்கு நேரே சிவப்பு அம்பு ஒட்டி
ரியாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.

"இது மொத கரெக்ஷன்தானுங்க்கா" என்றான்.
"சும்மா."