மூன்று மாதம், ஒரு நாள் குறைய

கிரிம்ஸ்பியில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாத
காட் மீன் வாடைக் கையோடு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
மனிதவள மேலாண்மை, பாடம் ஏழு.
காணொளிப் பெண்ணுக்கு நல்ல பற்கள்.
பின்னால் நல்ல அலமாரி.
பாதுகாக்கப்பட்ட பண்புகள் ஒன்பது என்கிறாள்,
கிரகங்களைச் சொல்வதுபோல.

வயது. மாற்றுத்திறன். பாலின மாற்றம். திருமணம்.
கர்ப்பம். இனம். மதம். பால். பாலீர்ப்பு.
விரல்விட்டு எண்ணி உருப்போடுகிறேன்.
ஒரு விரல் மிஞ்சுகிறது,
பேனா பிடிக்கிற விரல்.

நாற்பத்தெட்டு வயதில் பரீட்சையா என்று
டெரெக் சிரித்தான்.
இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு
கால்பந்து பார்க்கிறான். அதுவும் ஒரு உதவிதான்.

மறைமுகப் பாகுபாடு:
எல்லோருக்கும் ஒரே விதி,
சிலருக்கு மட்டும் வலி.
உதாரணம் தருக, இருநூறு சொற்களில்.
எங்கள் ஆலையில் உதாரணத்துக்கா பஞ்சம்?
எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிய
எட்டாம் எண் கையுறையில் ஆரம்பித்தேன்.
ஆம்பளைக் கைக்கு அளவெடுத்தது.
கத்தி வழுக்கும்.
தட்டிக்கொண்டே போனேன், மழைபோல.
நூற்று அறுபதாவது சொல்லில்
கை நின்றது.

ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச்,
ஒரு செவ்வாய்க்கிழமை.
லைன் லீடர் வேலைக்கு நேர்காணல்.
மேசைக்கு இந்தப் பக்கம் மேனேஜரும் நானும்.
அந்தப் பக்கம் டனூட்டே யுர்கைட்டே.
பதினோரு வருடம் முள்ளெடுத்தவள்.
தராசு மக்கர் செய்தால் அவளைத்தான் கூப்பிடுவோம்.
கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், மெதுவாக,
ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து,
முள் தங்கியிருக்கிறதா என்பதுபோல.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
நான்தான் எழுதினேன்:
"குழுவோடு ஒட்டமாட்டார்."
என் கையெழுத்து அழகு. எல்லோரும் சொல்வார்கள்.

பாடம் எட்டு. தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு
மூன்று மாதம், ஒரு நாள் குறைய.
அந்த ஒரு நாள் ஏன் குறைய
என்று பல்லழகி சொல்லவில்லை.
நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன்.
டனூட்டேயின் கெடு முடிந்தது
அந்த ஜூனில்,
ஆலையே திரண்டு கிளீதோர்ப்ஸ் கடற்கரைக்குப் போய்
ஐஸ்கிரீம் தின்ற வாரம்.
அவளும் வந்திருந்தாள்.
என்னிடம் சில்லறை இல்லை.
எனக்கும் சேர்த்து அவள்தான் காசு கொடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்குமா?
படிவங்கள் பூட்டிய இரும்பு அலமாரியில்.
சாவி அப்போது என் இடுப்பில்.

மீதி நாற்பது சொற்களையும்
கையுறையைக் கொண்டே நிரப்பினேன்.
அனுப்பினேன்.
தொண்ணூற்றிரண்டு.
"வாழ்த்துகள், ஹேசல்!"
திரையெங்கும் வண்ணக் காகிதம் கொட்டுகிறது.
டெரெக் எட்டிப் பார்த்துக் கைதட்டுகிறான்.

நாளை ஆறு மணி ஷிஃப்ட்.
மூன்றாவது பெல்ட்டில் அவள் நிற்பாள்.
எட்டாம் எண் கையுறை
அவளுக்குப் பெரிது.
வந்த நாளிலிருந்தே பெரிது.