வலமிருந்து

முதல் தடவை தப்பாகத்தான் படித்தேன்.
இடப்பக்கம் தொடங்கி, நம் வழக்கப்படி.
அதில் அந்த ஆள்
முதலில் செத்துக் கிடந்தான்,
பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்,
பிறகு டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.
எனக்கு எதுவும் முரணாகப் படவில்லை.
பெருமாநல்லூர் ரோட்டில்
ஏழே முக்கால் கம்பெனி வண்டிக்கு நிற்பவர்களைப்
பார்த்திருக்கிறேன்.

பிரிண்டிங்கில் இருக்கும் ஒடியாக்காரப் பையன் ரஞ்சன்தான் சிரித்தான்.
"அக்கா, உல்டா. இந்தப் பக்கமிருந்து."
இதற்குப் பெயர் மாங்கா என்றான்.
உப்பும் மிளகாய்ப்பொடியும் எங்கே என்றேன்.
அவன் போனில் இருநூற்றுச் சொச்சம் அத்தியாயம்.
"இதுல யாரும் ஜெயிக்கறதில்ல அக்கா"
என்றான், ஏதோ நல்ல செய்தி போல.

அந்த மாத ஆர்டரும் அதுதான்.
கறுப்பு ரவுண்ட் நெக், நூற்றெண்பது ஜிஎஸ்எம்,
மார்பில் அவன் முகம்,
கண்ணுக்குக் கீழே மூன்று கோடு.
மூன்றும் விழுந்தால் பாஸ்.
ஒன்று மங்கினால் ரிஜெக்ட்.
ஷிப்டுக்கு எண்ணூறு முகம்.
துக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச்
சம்பளம் வாங்கிய ஒரே ஆள்
எங்கள் வம்சத்தில் நான்தான்.
போதுமான அளவு அழவில்லை என்று
நூற்றுப் பதினேழு பேரைத் தள்ளிவைத்தேன்.

இரண்டாம் தடவை வலமிருந்து.
ஹாஸ்டல் மேல்கட்டில், போர்வைக்குள்.
அவன் வேலைக்குப் போகிறான்.
மேனேஜர் கத்தவே இல்லை.
"நாளைலருந்து வரவேண்டாமுங்க" என்று
இங்கே கணக்கு முடிப்பார்களே,
அந்த மரியாதை.
அப்புறம் ஆறு பக்கம் அவன் தனியாகச் சோறு தின்கிறான்.
தலைக்கு மேல் பேச்சுக்குமிழி வரைந்திருக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
எனக்கு முழுதாகப் புரிந்த இங்கிலீசு
அந்த வெள்ளைதான்.

கீழ்க்கட்டில் திலகமணி
தூக்கத்தில் பீஸ் எண்ணுவாள் தினமும்.
நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினொன்று.
சனிக்கிழமை ராத்திரி சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டதிலிருந்து
எண்ணவில்லை.

குளியலறைப் பக்கம் வந்துவிட்டேன்.
குழாயை அவன் திருகும்போது
வராந்தாக் கோடியில்
இங்கேயும் ஒரு குழாய் திருகும் சத்தம்.
மணி இரண்டு.
மேல்தொட்டி பத்து மணிக்கே காலி.
தண்ணீருக்குப் பதில் காற்றுதான் சீறியது,
அது எதையும் மறைக்கவில்லை.

இன்னும் பதினொரு பக்கம் இருந்தது.
இந்தப் பக்கமிருந்து படித்தால்
இன்னும் சாகவில்லை.

போனைக் கவிழ்த்துவிட்டு இறங்கினேன்.
செருப்பு ஒன்றுதான் அகப்பட்டது.
கதவைத் தட்டினேன்.
"ஆரு உள்ள?"