பூட்டு மருந்து

குழாயில் உப்புநீர் செலுத்திய பத்தாவது நிமிடம்
ஐலி நடுங்கத் தொடங்கினாள்.
பல்லோடு பல் மோதும் ஓசை
சமையலறைவரை கேட்டது.
முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
நானும் சையாவும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
பை எப்போதும் கதவருகே தயாராக இருக்கும்.

புதாஸ்யார்வியிலிருந்து ஒவுலு
எண்பத்தைந்து கிலோமீட்டர்.
அந்தச் சாலையில் பனி தள்ளுகிறவன் நான்தான்.
அன்று எனக்கு விடுப்பு.
எனக்குப் பதில் வந்த வெய்யோ
பாதிதான் தள்ளியிருந்தான்.
மனசுக்குள் அவனை வைதுகொண்டே ஓட்டினேன்.
பாவம், அவன் என்ன செய்வான்,
பனி அப்படிக் கொட்டியது.

ஒரு சாண் வயிறு என்பார்கள்.
இவளுக்குக் குடலே ஒரு சாண்.
பிறந்த மூன்றாம் நாள் முறுக்கிக்கொண்டதில்
வெட்டியது போக மிஞ்சியது.
ஆறு வருடமாக இரவுதோறும்
பால் நிறப் பையொன்று
மார்பில் நுழையும் குழாய் வழியே சொட்டுகிறது,
பன்னிரண்டு மணி நேரம்.
நாங்கள் ரொட்டி தின்னும் சத்தத்தை
அவள் தூக்கத்தில் கேட்பாளோ என்னவோ.

இரண்டு இடத்தில் இரத்தம் எடுத்தார்கள்.
குழாயிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று.
எந்தப் புட்டியில் கிருமி முதலில் முளைக்கிறதோ
அதை வைத்துத் தெரியுமாம் அது எங்கே குடியிருக்கிறதென்று.
குழாய்ப் புட்டி பதினோராம் மணியில் கத்தியது.
கைப் புட்டி
மேலும் மூன்று மணி நேரம்
வாய் திறக்கவில்லை.

டாக்டர் ஹில்க்கா காகிதத்தில் ஒரு கழுத்து வரைந்தார்.
வலப்பக்கம் அடைந்துவிட்டது. கோடு.
இடப்பக்கம் அடைந்துவிட்டது. கோடு.
வலத் தோளடியில் இன்னொரு கோடு.
"பிடுங்கினால் கிருமி போகும்.
வழியும் போகும்."

சாலை மூடினால் நான் திறப்பேன்.
அதற்கென்று மூன்றரை மீட்டர் இரும்பு அலகு இருக்கிறது.
நூல் கனத்தில் ஒரு நரம்பு மூடினால்
அலகும் இல்லை, ஆளும் இல்லை.

"மூன்று நாள் முயன்று பார்ப்போம்" என்றார்.
இரவெல்லாம் அதே குழாயில் மருந்து ஓடும்.
பகலில் நான்கு மணி நேரம்
சாராயத்தை நிரப்பி
இரு முனையும் அடைத்து நிறுத்திவைப்பார்கள்.
பூட்டு மருந்து என்று பெயர்.
"திருடனை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்"
என்றாள் நர்ஸ் துலிக்கி.
ஐலிக்குப் பயம் வந்துவிட்டது.
"அவனுக்குச் சாப்பாடு?" என்று கேட்டாள்.

மறுநாள் கிருமியின் பெயர் வந்தது.
நீளமான பெயர், எளிய கிருமி.
"எல்லார் தோலிலும் இருப்பதுதான்,
யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை."
சையா தன் கைகளைப் பார்த்தாள்.
என் கைகளைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

செவ்வாய் இரவு.
பதினாறு மணி நேர வேலை முடிந்து வந்து
நான்தான் பையை மாட்டினேன்.
குழாய் முனையைப் பதினைந்து விநாடி தேய்க்க வேண்டும்.
ஒன்பதுவரை எண்ணியது ஞாபகமிருக்கிறது.
அதற்குப் பிறகு
கண்ணுக்குள் பனிதான் கொட்டுகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
இங்கேதான் முதல்முறை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
புதிய புட்டிகள் இரண்டும் ஊமையாகவே இருந்தன.
"இன்னும் பதினொரு நாள் மருந்து,
அப்புறமும் நிச்சயம் சொல்ல முடியாது" என்றார் ஹில்க்கா.
நிச்சயம் கேட்கிற பழக்கம்
எங்களுக்குப் போய் நெடுநாளாயிற்று.

வீடு திரும்பிய முதல் இரவு
என் முறை.
முழங்கைவரை கழுவினேன், இரண்டு முறை.
குழாய் முனையைக் கையில் எடுத்ததும்
ஐலி உரக்க எண்ணத் தொடங்கினாள்,
துலிக்கி பழக்கிவிட்ட பழக்கம்.
ஒன்று, இரண்டு...
பதினொன்றில்
ஜன்னலுக்கு வெளியே வெய்யோவின் வண்டி
மஞ்சள் விளக்கோடு கடந்துபோனது.
கையாட்டினாள். எண்ணிக்கை தவறிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
நானும் தேய்த்தேன்,
ஒன்றிலிருந்து.