வாடகை சொல்

ஐந்து ரோட்டில் டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
லாரி வாடகைக் கணக்குப் போடும் நிரலை
எழுதி வைத்துவிட்டு
கோவைக்குப் போய்விட்டார் தனசீலன்.
திறந்தேன். ஒரே ஃபங்ஷன்,
எழுநூற்றுச் சொச்சம் வரி:

ஜவ்வரிசி எனில் மூட்டைக்கு இவ்வளவு
இல்லையெனில், மல்கோவா எனில் பெட்டிக்கு, அழுகல் கழித்து
இல்லையெனில், உருக்குச் சுருள் எனில் டன்னுக்கு
இல்லையெனில், காப்பிக்கொட்டை எனில்
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து
இல்லையெனில்
இல்லையெனில்

வளைந்து வளைந்து ஏறுகிறது
ஏற்காட்டுப் பாதை மாதிரி.
உச்சியில் ஏரிதான் இல்லை.

சித்திரையில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து
வெள்ளிக் கொலுசு புதுச் சரக்காக வந்தது.
இதே ஏணி நான்கு இடத்தில் சாய்ந்து கிடந்தது.
மூன்றில் கொலுசைச் சேர்த்தேன்.
நான்காவதில், காப்பீட்டில், விட்டுப்போயிற்று.
கடைசி இல்லையெனிலில் விழுந்து
ஜவ்வரிசி விலைக்குக் காப்பீடாயின
முப்பது கிலோ கொலுசுகள்.
இரவு பதினொன்றுக்கு பரிமளா மேடம் போன் செய்தார்.
முதலில் சிரித்தார்.

அன்று சாயங்காலம்தான்
அஸ்தம்பட்டியில் வீடு பார்க்கப் போயிருந்தேன்.
சொந்த ஊர் எது என்றார்.
கறி சமைப்பீங்களா என்றார்.
ஊரில் எந்தத் தெரு என்றார்.
அப்பா பேரைக் கேட்டு, கொஞ்சம் யோசித்து,
தாத்தா பேரையும் கேட்டார்.
வாடகையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

தூக்கம் போச்சு. உட்கார்ந்து
ஏணிகளைக் கழற்றினேன்.
மாம்பழத்தின் அழுகலை மாம்பழத்திடமே கொடுத்தேன்.
மலையைக் காப்பிக்கொட்டையிடம்.
சுருளின் கனம் சுருளுக்குள்ளேயே போயிற்று.
தன் விலை என்னவென்று
கொலுசுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.
விடியும்போது நடுவில் மிஞ்சியது ஒரு வரி:

சரக்கே, உன் வாடகை சொல்.

நீ யாரென்று அதில் இல்லை.

வாசலில் மட்டும், ரசீதை வாங்கும் இடத்தில்,
எழுதியிருப்பது என்ன சரக்கு என்று
ஒருமுறை பார்த்தே ஆகவேண்டியிருக்கிறது.
அதை எடுக்க வழி தெரியவில்லை எனக்கு.
உள்ளே வந்த பிறகு யாரும் கேட்பதில்லை,
அவ்வளவுதான் முடிந்தது.

வியாழக்கிழமை மரவள்ளி மாவு வந்தது.
புதுக் கோப்பு, பதினான்கு வரி.
பழையதில் வாசலைத் தவிர எதையும் தொடவில்லை.

நாளை அழகாபுரத்தில் இன்னொரு வீடு.
தரகர் இப்போதே கேட்டுவிட்டார்,
மேடம், நீங்க என்ன ஆளுங்க?
ஒண்ணாம் தேதி பணம் தர்ற ஆளு
என்று சொல்லியிருக்கிறேன்.