ஒரு கூட்டல் குறி

சலப் பரிசோதனைத் துண்டில்
புரதம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரேயொரு கூட்டல் குறி.

கூட்டினால் என்ன வரும்
என்று கேட்டேன்.
"நேத்து என்ன வேலை?" என்றார் டொக்டர் நிரோஷினி.

சீனக்குடாவில் கோதுமை மூட்டை,
உச்சி வெயில்,
தண்ணி குடிக்க மறந்த பகல்.

"அதாலயும் வரும். காய்ச்சலாலயும்.
ரெண்டு கிழமை கழிச்சு
விடியப் போற முதல் சலம் கொண்டு வாங்க."

வதனி கறியில் உப்பைக் குறைத்தாள்,
சொல்லவில்லை.
நான் நுரை பார்க்கிறவனானேன்:
கக்கூசில், டச்சு பே கரையில்,
தேத்தண்ணிக் கோப்பையிலும்.

இன்று ஐந்தரை பஸ்.
சட்டைப் பையில் சூடாறாத போத்தல்.
இறங்கிய இடத்தில், நடுவீதியில்,
மான் ஒன்று
மூத்திரம் பெய்தபடி
என்னை நேராகப் பார்த்தது,
ஒரு அவசரமும் இல்லாமல்.