பதினோராம் தீர்மானம்

மினிட்ஸ் புத்தகத்தை மலையாளத்தில் எழுதுகிறவன் நான்.
கள்ளியம்பாறை பஞ்சாயத்து, மூன்றாம் மேசை.
ஜன்னலைத் திறந்தால் செக்போஸ்ட்டின் மூங்கில்,
மூங்கிலுக்கு அந்தப் பக்கமும் அதே தென்னை.

பிரசிடென்ட் மயிலாத்தாள் பேசுவது தமிழ்.
ஏட்டுத் தமிழ் அல்ல,
கடலைக்காட்டில் களையெடுத்தபடி
நாலு பாத்தி தள்ளி நிற்பவளைக் கூப்பிடும் தமிழ்.
"ஏனுங், மோட்டரு செத்துப்போச்சுங்களா,
இல்ல கொன்னுபோட்டீங்களா?"
என்று இன்ஜினியரைக் கேட்டதை
நான் எழுதினேன்:
மோட்டாரின் நிலை குறித்து விளக்கம் கோரப்பட்டது.
முள்ளோடு வருவதைத் தோல் சீவி
ஃபைலில் வைப்பது என் உத்தியோகம்.

முதல் நாள் புருஷனும் கூட வந்தார்,
சட்டைப் பையில் இரண்டு பேனா.
ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.
அந்தம்மா சத்தம் போடவில்லை.
"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?"
"இல்லை."
"போயிக் காட்டுங்க."
அந்த நாற்காலியில் இப்போது
அங்கன்வாடி ஜுலேகா டீச்சர் உட்காருவார்,
எடை குறைந்த பருப்பு மூட்டையின் கணக்கோடு.
இல்லாவிட்டால் மூன்றாம் வார்டு ஓமனா.
நூறு நாள் வேலையில் கொடுத்தது அறுபத்திரண்டு என்று
விரல் மடக்காமல் சொல்கிறவள்.

அந்தச் சித்திரையில் கிணறுகள் கல்லைக் காட்டின.
பாறைமேட்டுக் குழாயில் மட்டும்
சுண்டுவிரல் தண்டிக்குத் தண்ணீர்.
எல்லை தாண்டியும் குடங்கள் வந்தன.
நீலக் குடம் நம்முடையது, பச்சைக் குடம் அவர்களுடையது,
யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள்.
குடத்துக்கும் ரேஷன் கார்டு பார்க்கிற காலம்.
எட்டு மெம்பர்கள் கையெழுத்திட்ட மனு வந்தது:
வெளிமாநிலத்தாருக்குக் குழாய் அடைக்கப்பட வேண்டும்.

அந்தம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டார்.
அந்தப் பக்கத்து ஊராட்சித் தலைவி கனகாம்பிகை.
முதலில் குக்கர் விசில், அப்புறம் குரல்.
"மயிலக்கா, உங்கூருக்கு டேங்கரு
எங்க ரோட்டுலதானே வருது?"
"ஆமா கண்ணு."
"அந்த ரோட்ட அடைக்கச் சொல்லி
இங்கயும் ஒரு மனு இருக்குதுக்கா."
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
நான் பேனாவைத் தூக்கியபடி இருந்தேன்,
சிரிப்பை எழுதலாமா என்று தெரியாமல்.

ஐந்திலிருந்து ஏழு இவர்களுக்கு,
ஏழிலிருந்து எட்டரை அவர்களுக்கு.
மோட்டாருக்குக் காயில் கட்ட ஆள் அங்கிருந்து வருவான்.
பன்னிரண்டு நிமிடம்.
இரண்டு சர்க்காரும் பேசிய அணைக்கணக்கு
என் மேல் அலமாரியில், கரையானோடு.

பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன்.
மூன்றாம் நாளே குடம் உடைந்தது,
கூந்தலைப் பிடித்துக்கொண்டார்கள்,
நடுவில் புகுந்த ஓமனா
நெற்றியில் நெல்லிக்காய் வீக்கத்தோடு ஆபீசுக்கு வந்து
வேலை நாட்களின் பாக்கியைக் கேட்டாள்.
இடவப்பாதி மழை இறங்கும்வரை
குழாய் அடைபடவில்லை, அவ்வளவுதான்.

தீர்மானத்தை எடுத்தபோது
எட்டில் மூன்று கைதான் எதிர்த்து உயர்ந்தது.
காரணம் பதிவாக வேண்டும் என்றார் ஒரு மெம்பர்.
அந்தம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"எம்பட புள்ளைய அங்கதானுங் கட்டிக் குடுத்திருக்குது.
அந்தப் பச்சக் கொடத்துல ஒண்ணு
நான் வெச்ச சீருங்."

எனக்கு மலையாளம் நன்றாக வரும்.
அன்று வரவில்லை.
புத்தகத்தில் முதன்முறையாக
அதை அப்படியே தமிழில் எழுதினேன்.

ஆடிட்டர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்,
"விளக்கம் தேவை."
கீழே அந்தம்மாவின் கையெழுத்து.
கடைசிப் புள்ளியை
தாள் ஓட்டையாகும்வரை அழுத்தி வைத்திருக்கிறார்.